மரவீட்டில் விழித்தவர்கள்

செப்டெம்பர் மாதத்தின் முதல் திங்கட்கிழமை, ஒஸ்லோவின் வெஸ்ட்லியில் ஆறாம் மாடி வீட்டில் படுத்த சச்சிதானந்தனும் அவருடைய மனைவி உதயகுமாரியும், புருசெத்தில் தன் கணவனுக்குப் பக்கத்தில் படுத்த அவர்களுடைய மகள் கம்சாயினியும், காட்டு மலையின் மேலே இருக்கும் துவெய்த்தன் மரவீட்டில் விழித்தார்கள். அது முந்நூறு ஆண்டு பழைய வீடு. முழு மரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மூலைகளில் வெட்டிக் கொளுவி, இடைவெளிகளில் பாசி திணித்துக் கட்டியது. கூரையில் புல் வளரும். ஒரு அறை, ஒரு கணப்பு, இரண்டு சிறிய ஜன்னல்கள். நடைபாதையில் போகிறவர்கள் நின்று படம் எடுப்பார்கள். அரசு பாதுகாக்கும் கட்டடம் என்பதால் சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் அனுமதி இல்லை. அன்று கதவு வெளியே பூட்டியிருந்தது. சச்சிதானந்தன் ஜன்னலால் இறங்கி, மனைவியையும் மகளையும் இறக்கி, மரங்களில் பூசியிருந்த நீல அடையாளங்களைப் பார்த்து வெறுங்காலோடு நடந்தார். வெஸ்ட்லிக்கு வர இரண்டு மணி நேரம் ஆனது. களஞ்சியத்தில் அவருடைய வேலை ஏழு மணிக்குத் தொடங்கும். ரயிலைத் தவறவிட்டதாகச் சொன்னார்.

முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் அதே வீட்டுக்குத் தங்கள் கால்களால் போயிருந்தார்கள். சலரோகத்துக்கும் பிரஷருக்கும் டாக்டர் நடக்கச் சொன்னவர்கள் ஸ்டோவ்னரில் ஒரு நடைக்குழு வைத்திருந்தார்கள். கம்சாயினி கர்ப்பமாகி ஐந்தாம் மாதம், இரத்தத்தில் சீனி கூடியிருந்ததால் அவளும் போனாள். அவளுடைய கணவன் தர்மிகன் பஸ் திருத்தும் இடத்தில் வேலை செய்கிறவன். அந்த ஞாயிறு அவனுக்கு வேலை. மரவீட்டைப் பராமரிக்கும் சங்கத்தின் தூர்லைவ் என்ற ஓய்வுபெற்ற மனிதர் இலையுதிர்கால ஞாயிறுகளில் கதவைத் திறந்து, கணப்பை மூட்டி, வருகிறவர்களுக்குக் கறுப்புக் கோப்பி கொடுப்பார். நடைக்குழுவுக்குக் கறுப்புக் கோப்பி இறங்காது. பாலும் தேயிலையும் இஞ்சியும் கொண்டுபோயிருந்தார்கள். உதயகுமாரி பாத்திரத்தைக் கணப்பில் வைத்தாள். பால் ஏறி வந்தது. பக்கத்தில் நின்ற நடைக்குழுத் தோழி சிவமலர் துணியோடு கையை நீட்டினாள்.

"அக்கா, பொங்குது. இறக்குங்கோ."

"விடும். பொங்கட்டும். கிழக்காலை பொங்குது, பாரும்."

புது வீட்டுக்குள் போகிறபோது பாலைப் பொங்கி வழிய விடுவது யாழ்ப்பாணத்துக்காரரின் வழக்கம். உதயகுமாரி ஒஸ்லோவில் வாடகை வீட்டிலும், வாங்கிய வீட்டிலும், மகளின் வீட்டிலும் அதைச் செய்தவள். அவளுடைய கைக்குப் பழகிவிட்டது. பால் கிழக்குப் பக்கமாக வழிந்து பழைய கல்லில் ஊறியது. துடைக்க வந்த தூர்லைவுக்கு அவள் விளக்கம் சொன்னாள். அவர் துணியை மடித்து வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். "இவளுக்கு எங்கை போனாலும் குடிபூரல்தான்" என்றார் சச்சிதானந்தன். எல்லோரும் சிரித்தார்கள். தேநீர் குடித்த மற்றவர்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. அடுப்புக்கு முன்னால் நின்றவளின் குடும்பத்தில் அங்கே வந்திருந்தவர்களை வீடு எடுத்துக்கொண்டது. வராத மருமகனை அது கணக்கில் எடுக்கவில்லை.

ஒக்டோபர் முடிவதற்குள் விஷயம் பிடிபட்டுவிட்டது. எங்கே நித்திரை கொண்டாலும் விழிப்பது துவெய்த்தனில். தர்மிகன் முதல் கிழமை கண் மூடாமல் மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தான். நித்திரையில் இருக்கும்வரை அவள் அவன் பக்கத்திலேயே இருப்பாள். மூச்சு மாறும், இமை அசையும், அடுத்த கணம் படுக்கை வெறுமையாகிவிடும். உடம்பில் ஒட்டியிருப்பது கூடப் போகும், மற்றதெல்லாம் நின்றுவிடும். ஆகவே மூவரும் குளிர்ச்சட்டையும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு படுத்தார்கள். சச்சிதானந்தன் வேலையால் வரும் வழியில் ரயிலில் கண்ணயர்ந்து, வெஸ்ட்லியில் இறங்க வேண்டியவர் மலையில் எழும்பினார். அதன்பிறகு இடம் இருந்தாலும் நின்றபடிதான் வருவார். உதயகுமாரி லண்டனில் இருந்த தன் தங்கை புஷ்பமலரிடம் போய்ப் பார்த்தாள். அவ்வளவு தூரத்துக்கு அந்த வீட்டின் கை நீளாது என்று நினைத்தாள். கடவுச்சீட்டும் பெட்டியும் லண்டனில் நிற்க, அவள் துவெய்த்தனில் விழித்தாள். தங்கை ஃபோனில் குறைப்பட்டாள். "தேத்தண்ணி ஊத்தி வைச்சிட்டு வீடெல்லாம் தேடுறன். சொல்லிப்போட்டுப் போயிருக்கலாம் தானே அக்கா." தர்மிகன் லீவு நாட்களில் திரைச்சீலையை இழுத்து மூடி, ஃபோன்களை அணைத்து, மாடிப்படியில் சத்தம் போடும் பிள்ளைகளை அதட்டினான். கம்சாயினி எவ்வளவு நேரம் நித்திரை கொள்கிறாளோ அவ்வளவு நேரம் அவள் அவனிடம் இருந்தாள். அவளை யாரும் எழுப்பக் கூடாது என்பது புருசெத் வீட்டில் சட்டமாயிற்று. டாக்டரிடம் சொல்லிப் பார்ப்போம் என்று அவன் ஒருமுறை கேட்டான். "என்னெண்டு சொல்லுறது? நித்திரை கொண்டால் மலைக்குப் போயிடுறன் எண்டோ?" என்றாள் கம்சாயினி. அவள் மருந்தகத்தில் வேலை செய்கிறவள், டாக்டர்களைத் தெரியும். "ரெண்டு கிழமை சுகயீன லீவுக்குச் சூக்கமெல்டிங் எழுதித் தந்து, வீட்டிலை நல்லாய் நித்திரை கொள்ளச் சொல்லுவார்."

நாளாந்தம் ஜன்னல் திறந்து கிடப்பதைக் கண்ட தூர்லைவ் பொலிசுக்கு அறிவித்தார். இரண்டு பொலிசார் ஒரு காலை அறைக்குள் காத்திருந்தார்கள். வெறுந்தரையில் முதலில் உதயகுமாரி, பிறகு சச்சிதானந்தன், கடைசியாகக் கம்சாயினி என்று மூவரும் தோன்றினார்கள். பூட்டு உடைக்கப்படவில்லை, ஒன்றும் களவு போகவில்லை என்று பொலிசார் உறுதிசெய்துகொண்டு போனார்கள். சங்கம் கூடியது. மாரிகாலம் முழுவதும் நெருப்பு எரிந்தால் வீட்டுக்கு ஆபத்து என்று ஒரு பெண் வாதாடினாள். ஆட்கள் இருக்கும் வீடு மெதுவாகத்தான் உக்கும் என்றார் தூர்லைவ். கடைசியில் கதவின் திறப்பைக் கொடுத்தார்கள். விறகை அவர்களே கொத்த வேண்டும், வசந்தத்தில் எல்லோரும் கூடிக் கூரைப் புல்லை மாற்றும்போது அவர்களும் வர வேண்டும் என்பது நிபந்தனை. கோயில் ஐயர் வேட்டிக்குக் கீழே பனிச்சப்பாத்து போட்டுக்கொண்டு மலையேறி வந்தார். பால் ஊறிய கல்லைப் பார்த்தார். வீட்டுக்குள் போவதற்குக் கிரியை இருக்கிறது, வீடு ஆட்களை விடுவதற்கு ஒன்றும் இல்லை என்றார். வீட்டை இடித்தால் முடியலாம். அதைச் சட்டம் விடாது.

நவம்பரில் பனி கொட்டியது. பாதை மூடியது. நீல அடையாளங்கள் பனிக்குள் போய்விட்டன. ஏழாம் மாத வயிற்றோடு ஒரு பெண் நாளாந்தம் மலை இறங்குவது முடியாத காரியமாயிற்று. கம்சாயினி இறங்குவதை நிறுத்திவிட்டு மரவீட்டிலேயே தங்கினாள். தர்மிகன் சனிக்கிழமைகளில் ஏறி வருவான். டிசெம்பரில் ஒரு சனிக்கிழமை அவன் கையில் சிவப்பு நிறக் கான் ஒன்று இருந்தது. மாமனார் வாசலுக்கு முன்னால் விறகு கொத்திக்கொண்டிருந்தார். மகளும் மனைவியும் உள்ளே இருந்தார்கள்.

"என்ன தம்பி, மண்ணெண்ணெயோ?"

"பெற்றோல், மாமா."

சச்சிதானந்தன் இன்னொரு கட்டையை நிறுத்தி வைத்துப் பிளந்தார்.

"கொளுத்துறதெண்டால் கொளுத்தும். நாங்கள் மூண்டு பேரும் வெளியிலை வந்து நிக்கிறம். ஆனால் நாளைக்கு விடிய எங்கை எழும்புவம் எண்டு யோசிச்சனீரோ? வீடு நிண்ட இடத்திலை. கூரையும் இல்லை, சுவரும் இல்லை. இண்டைக்கு மைனஸ் பத்தொன்பது."

தர்மிகன் கானைக் கீழே வைக்கவில்லை. "எனக்கு என்ரை மனிசி வேணும், மாமா."

"வேணும்தான். அதைக் கொண்டுபோய் அந்த மரத்தடியிலை வையும். இஞ்சை நெருப்புப் பொறி பறக்குது."

அவன் மரத்தடியில் வைத்துவிட்டு வந்து கோடரியை வாங்கிக்கொண்டான். அன்று இருட்டும்வரை கொத்தினான்.

வீட்டை எரிக்க முடியாது என்று ஆனபிறகு ஒரே ஒரு கேள்வி மிஞ்சியது. பிள்ளை ஜனவரிக் கடைசியில் பிறக்கும். பிறந்த பிள்ளை பகலும் இரவும் நித்திரை கொள்ளும், பத்துத் தடவை விழிக்கும். ஆஸ்பத்திரியில் கண்ணை மூடுகிற பிள்ளை எங்கே கண் திறக்கும்? வீடு அதைக் கணக்கில் எடுத்தால், கணப்பு அணைந்திருக்கும் ஒரு நேரத்தில் அது வெறுந்தரையில் விழிக்கலாம். எடுக்காவிட்டால், தாய் ஒருமுறை கண்ணயர்ந்ததும் அவள் மலையில், பிள்ளை கீழே. பிறப்புத் துடக்குக் கழியும்வரை பிள்ளையை வீடு சேர்க்காது, கோயிலே சேர்க்கிறதில்லை, முப்பத்தொரு நாள் முடியட்டும் என்று உதயகுமாரி சொன்னாள். அதை உறுதியாகச் சொன்னாள். கம்சாயினி சுவரில் சாய்ந்திருந்தாள்.

"வயித்துக்கை இருக்கேக்கையே இந்த வீடு விடிய விடிய என்னோடை சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்தது, அம்மா. அதுக்கு என்ன துடக்கு?"

மறுநாள் உதயகுமாரி முதியோர் இல்லத்தில் தன் வேலைக்குச் சம்பளமில்லாத லீவு எடுத்தாள். ஜனவரி தொடங்கியதிலிருந்து கணப்பு அணையவில்லை. அவளும் சச்சிதானந்தனும் முறை வைத்துக்கொண்டார்கள். ஒருவர் படுத்தால் மற்றவர் நெருப்புக்குப் பக்கத்தில் இருந்தார். இருவரும் சேர்ந்து சாப்பிடுவதும் இல்லாமல் போனது. ஃபோன் கிழக்கு ஜன்னல் ஓரத்தில் மட்டும் வேலை செய்தது. அதை அங்கேயே வைத்தார்கள். ஸ்டோவ்னர் கடைத்தொகுதியில் வாங்கிய பால்மாப் பேணி ஒன்றும், இரண்டு போர்வைகளும், ஒரு சிறிய தொப்பியும் கணப்புக்கு மேலே தயாராக இருந்தன.

நோவு ஒரு காலையில் மரவீட்டிலேயே தொடங்கியது. மீட்புக் குழுவின் பனி வண்டி கம்சாயினியை ஏற்றி, காட்டின் விளிம்பில் காத்திருந்த அம்புலன்சிடம் கொண்டுபோய்க் கொடுத்தது. தர்மிகன் அதிலேயே ஏறினான். பின்னேரம் ஆண் பிள்ளை பிறந்தது. தாய்க்குச் சீனி இருந்ததால் பிள்ளைக்கு இரத்தத்தில் சீனி இறங்கிப்போகலாம், முதல் நாள் முழுவதும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பால் கொடுத்தே ஆக வேண்டும், நித்திரை என்றாலும் எழுப்பிக் கொடுக்க வேண்டும் என்று மருத்துவிச்சி சொன்னாள். பிள்ளை கொஞ்சம் குடித்தது. பிறகு உறங்கியது. மருத்துவிச்சி அதைக் கண்ணாடித் தொட்டிலில் கிடத்திவிட்டு அடுத்த அறைக்குப் போனாள். கம்சாயினி எழுந்து உட்கார்ந்து பார்த்தாள். தர்மிகன் தொட்டிலின் மறுபக்கத்தில் நின்றான். பிள்ளையின் நெற்றி சுருங்கியது. உதடு கோணியது. அழுவதற்காக வாய் திறந்தது. அழுகை அந்த அறையில் கேட்கவில்லை. தொட்டிலில் விரிப்பு மட்டும் கிடந்தது.

தர்மிகனின் ஃபோன் உடனே அடித்தது. கம்சாயினி அதை வாங்கிக் காதில் வைத்தாள்.

"பிள்ளை வந்திட்டான்," என்றார் சச்சிதானந்தன். "கொம்மா தூக்கி வைச்சிருக்கிறா. நெருப்பு நல்லாய் எரியுது."

"குடிக்கிறானோ அப்பா?"

"பால்மாவைத் துப்புறான். கை நடுங்குது அவனுக்கு. நீ கெதியாய்ப் படு, பிள்ளை."

மருத்துவிச்சி திரும்பி வந்து தொட்டிலைப் பார்த்தாள். பிள்ளை எங்கே என்று கேட்டாள். அம்மம்மாவிடம் என்றான் தர்மிகன். அவள் நடைவழிக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் ஒரு மணி ஒலித்தது, விடுதியின் கதவுகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது. கம்சாயினி படுத்துக் கண்ணை மூடினாள். மலையில் தங்கும்வரை அவள் நித்திரைக்குப் பயந்திருந்தாள். ரயிலில் நின்றாள், கதிரையில் சாயாமல் இருந்தாள், வேலையில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு முகம் கழுவிக்கொண்டே இருந்தாள். அப்போதெல்லாம் அது தேடி வந்தது. இப்போது வரவில்லை.

"எனக்கு வருதில்லை."

"கண்ணை மூடு."

"மூடித்தான் கிடக்கிறன். ஏதாவது கதையுங்கோ."

"என்னத்தைக் கதைக்கிறது?"

"என்னவெண்டாலும். சுவாரசியம் இல்லாததாய்ப் பார்த்துக் கதையுங்கோ. உங்களுக்குக் கஷ்டம் இராது."

அவன் கதிரையை இழுத்துப் போட்டான். அவள் பல்கலைக்கழகம் போன காலத்தில் ரயில் ஏறினால் பாதி வழியில் உறங்கிவிடுவாள் என்று கேள்விப்பட்டிருந்தான். அந்தப் பாதையின் தரிப்பிடங்களைச் சொல்லத் தொடங்கினான். வெஸ்ட்லி. ஸ்டோவ்னர். ரொம்மன். ரொம்சோஸ். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ரயில் எடுக்கும் நேரத்தை விட்டான். வெளியே காலடிகள் ஓடின.

"உங்கடை குரல் நடுங்குது."

"நடுங்கேல்லை. குரூருட்."

கதவை யாரோ தள்ளினார்கள். அவன் கதிரையைக் கதவோடு சேர்த்து வைத்துவிட்டு வந்து நின்றபடி சொன்னான். அம்மெருட். கல்பாக்கன். ரெட்வெட். வைத்வெட். லின்டெருட் என்றபோது அவளுடைய விரல்கள் தளர்ந்தன. அவன் ஏர்க்கன் வரை நிறுத்தாமல் சொன்னான். அவள் உறங்கிவிட்டாள்.

உறங்குகிறவள் விழிக்கும்வரை இங்கேதான் இருப்பாள் என்பது அவனை விட நன்றாக யாருக்கும் தெரியாது. அவளை மலைக்கு அனுப்ப வேண்டியவன் அவன்தான். பிரசவித்த முகம் வீங்கியிருந்தது. தலைமயிர் நெற்றியில் ஒட்டியிருந்தது. எத்தனையோ காலைகளில் அவன் மூச்சை அடக்கிக்கொண்டு இந்த முகத்தைக் காவல் காத்திருக்கிறான். கதவுக்கு வெளியே ஒருவர் நோர்வேஜிய மொழியில் கதவைத் திறக்கச் சொன்னார், பிறகு இன்னொருவர் சொன்னார். கதிரை சற்று நகர்ந்தது. தர்மிகன் அவளுடைய சப்பாத்தை எடுத்து அவசரமாகக் கால்களில் மாட்டினான். போர்வையைத் தோளோடு சுற்றினான். அவள் எழவில்லை. பிறகு தோளில் கை வைத்து அசைத்தான்.

"கம்சா, எழும்பு. பிள்ளை அழுறான்."

அவனுடைய கை மெத்தையில் விழுந்தது. அது சூடாக இருந்தது.

மருத்துவிச்சியும் ஒரு காவலரும் உள்ளே வந்தபோது அவன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். கட்டிலும் காலி, தொட்டிலும் காலி. காவலர் குளியலறையைத் திறந்து பார்த்தார். ஃபோன் அடித்தது. தர்மிகன் எல்லோருக்கும் கேட்கும்படி அதை வைத்தான். முதலில் நெருப்பு வெடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு கம்சாயினி மருத்துவிச்சியைக் கேட்டாள், நோர்வேஜிய மொழியில். பிள்ளை இப்போது குடிக்கிறான், ஒரு பக்கம் முடிந்துவிட்டது, மற்றப் பக்கமும் கொடுக்கலாமா என்றாள். மருத்துவிச்சி காலியான கட்டிலைப் பார்த்தாள். தர்மிகனைப் பார்த்தாள். பிள்ளையின் கை இன்னும் நடுங்குகிறதா, நிறம் எப்படி இருக்கிறது, விழுங்கும் சத்தம் கேட்கிறதா என்று ஒவ்வொன்றாக விசாரித்தாள். ஃபோனைப் பிள்ளையின் தொண்டைக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு கதவுகளைத் திறந்துவிடலாம் என்று காவலரிடம் சொன்னாள். மறுநாள் அவளே பனி வண்டியில் ஏறி மரவீட்டுக்குப் போய்ப் பிள்ளையின் குதிகாலில் குத்தி இரத்தம் எடுத்தாள். சீனி சரியாக இருந்தது.

பிள்ளைக்குக் கிருஷிகன் என்று பெயர் வைத்தார்கள். தர்மிகன் அந்த வசந்தத்தில் புருசெத் வீட்டை விற்றுவிட்டு மலையில் குடியேறினான். மற்றவர்கள் நித்திரையில் வந்து சேரும் வீட்டுக்கு அவன் மட்டும் நடந்து போகிறான். சச்சிதானந்தனும் உதயகுமாரியும் வெஸ்ட்லி வீட்டை வைத்திருக்கிறார்கள். குளிப்பதற்கும் துணி தோய்ப்பதற்கும் அது வசதி. ஞாயிறுகளில் நடைபாதையில் வருகிறவர்கள் மரவீட்டைப் பார்க்கக் கதவைத் தட்டுவார்கள். குடும்பம் சட்டி பானைகளை ஒதுக்கிவிட்டு வெளியே நிற்கும். அவர்கள் மூலைகளில் மரம் கொளுவியிருப்பதைப் படம் எடுத்துவிட்டுப் போவார்கள். கிருஷிகனுக்கு இப்போது இரண்டரை வயது. வெஸ்ட்லியில் பாலர் பள்ளிக்குப் போகிறான். அங்கே மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகளைத் தள்ளுவண்டிகளில் கிடத்தி, குளிரென்றாலும் முற்றத்தில்தான் உறங்க விடுவார்கள். இரண்டு மணியளவில் அவனுடைய வண்டி காலியாகிவிடும், மலையில் உதயகுமாரி கணப்புக்குப் பக்கத்தில் காத்திருப்பாள். ஆசிரியை நிருஜா வந்து வண்டிக்குள் எட்டிப் பார்த்து, அவனுடைய பையை அதில் வைத்து, வண்டியை வாசலுக்குப் பக்கத்தில் நிறுத்துவாள். நாலு மணிக்குத் தர்மிகன் வேலை முடித்து வருவான். வெறும் வண்டியைக் காட்டுப் பாதையில் மேலே தள்ளிக்கொண்டு போவான். எதிரே இறங்கி வருகிறவர்கள் குழந்தையைப் பார்க்கும் ஆசையில் குனிந்து உள்ளே பார்ப்பார்கள். அவன் முந்திப் போய்விட்டான் என்று தர்மிகன் சொல்லுவான். அவர்கள் தலையசைத்து வழிவிடுவார்கள்.